பல் கம்பி வலியும் லேசர் ஒளியும்: வாசகர் கேள்விகளுக்குப் பல் சீரமைப்பு மருத்துவரின் பதில்கள்

பற்களைச் சீராக்கக் கம்பி பொருத்திக்கொள்வோருக்கு முதல் சில நாட்களில் உண்டாகும் வலியைக் குறைந்த ஆற்றல் லேசரால் தணிக்க முடியுமா என்று கேட்டு இம்முறை பல கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருப்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகளுக்கு 14 வயது. கம்பி கட்டுவதற்கு முன்னால் கடைவாய்ப் பற்களுக்கு இடையில் சிறிய ரப்பர் வளையங்களை வைத்து அனுப்பினார்கள். அன்று மாலைவரை சாதாரணமாக இருந்தவள், இரவில் வலி பொறுக்காமல் அழுதாள். மறுநாள் எதையும் கடித்துச் சாப்பிட முடியவில்லை. அடுத்த வாரம் கம்பி பொருத்தப் போகிறார்கள். லேசர் ஒளி காட்டினால் வலியே வராது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். கேட்டுப் பெறலாமா?
— ஒரு தாய்

உங்கள் மகள் மிகைப்படுத்தவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலைவரை ஒன்றுமில்லாமல் இருந்து இரவில் வலி கூடியதும், மறுநாள் கடிக்க முடியாமல் போனதும் இந்த வலியின் இயல்பான போக்கு. ரப்பர் வளையமோ கம்பியோ வைத்த சில மணி நேரத்தில் வலி தொடங்குகிறது. ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. மூன்றாம் நாளிலிருந்து படிப்படியாக இறங்கி, ஒரு வாரத்திற்குள் பெரும்பாலானோருக்கு அடங்கிவிடுகிறது. அடுத்த வாரம் கம்பி பொருத்தும்போதும் இதே வரிசையை எதிர்பார்க்கலாம். இதை அவளிடம் முன்கூட்டியே விளக்கிச் சொல்லுங்கள். எப்போது தொடங்கும், எப்போது குறையும் என்று தெரிந்த வலியைத் தாங்குவதற்கும், காரணம் தெரியாமல் நள்ளிரவில் வந்து எழுப்பும் வலியைத் தாங்குவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

வலி ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் லேசரைப் பற்றிய பேச்சும் எளிதாகிவிடும். பல் நேரடியாக எலும்பில் பதிந்திருப்பதில்லை. பல்வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே, சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெல்லிய தசைநார்ப் படலம் ஒன்று இருக்கிறது. இரத்தக் குழாய்களும் நரம்பு நுனிகளும் நிறைந்த படலம் அது. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கத்தில் இந்தப் படலம் நசுங்குகிறது. அங்கே இரத்த ஓட்டம் குறைகிறது. அதைத் தொடர்ந்து புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் போன்ற அழற்சிப் பொருட்கள் சுரந்து, நரம்பு நுனிகளைச் சிறு தொடுதலுக்கும் கூசும் நிலைக்குக் கொண்டுவருகின்றன. இந்தச் சுரப்பு பெருகச் சில மணி நேரம் ஆகும் என்பதால்தான் நாற்காலியிலிருந்து எழுந்து போகும்போது சிரித்துக்கொண்டு போகிற பிள்ளை இரவில் அழுகிறது. இதே அழற்சிதான் நசுங்கிய பக்கத்து எலும்பைக் கரைக்கவும், மறுபக்கத்தில் புது எலும்பு உருவாகவும் வழிவகுத்துப் பல்லை நகர்த்துகிறது. ஆகவே வலியை அறவே இல்லாமல் செய்வது சிகிச்சையின் நோக்கமாக இருக்க முடியாது; அதைத் தாங்கத்தக்க அளவுக்குக் கொண்டுவருவதே நோக்கம்.

லேசர் கேட்டுப் பெறலாமா என்றால், உங்கள் மருத்துவரிடம் அந்தக் கருவியும் அதைக் கையாளும் பயிற்சியும் இருக்குமானால் பெறலாம்; தவறில்லை. ஆனால் "வலியே வராது" என்று உறவினர் சொன்னதை மகளிடம் சொல்லாதீர்கள். வலி ஓரளவு குறையக்கூடும் என்பதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது. வராது என்று நம்பி வந்த பிள்ளைக்கு மறுநாள் வலித்தால், அதன்பின் அவள் யார் சொல்வதையும் நம்பமாட்டாள். இரண்டு ஆண்டு நீளும் சிகிச்சையில் அந்த நம்பிக்கை மிகவும் தேவைப்படும்.

லேசர் என்றால் வெட்டும், சுடும் என்றுதான் படித்திருக்கிறேன். அதை ஈறில் காட்டினால் வலி எப்படிக் குறையும்? எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சா இது?
— ஓர் இயற்பியல் மாணவர்

வெட்டுவதும் சுடுவதும் அதிக ஆற்றலுள்ள லேசர்கள். திசுவை வெட்டும் கருவிகள் வாட் கணக்கில் ஆற்றலைச் சிறு புள்ளியில் குவிக்கின்றன. நாம் பேசும் குறைந்த ஆற்றல் லேசர் பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்குள் இயங்குவது. அது திசுவைக் குறிப்பிடத்தக்க அளவில் சூடாக்குவதில்லை. எக்ஸ்ரேயோடும் இதற்கு உறவில்லை. எக்ஸ்ரே அணுக்களிலிருந்து மின்னணுவைப் பிய்த்தெடுக்கும் வலுவுடைய அயனியாக்கக் கதிர். சிகிச்சை லேசரோ கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி, அல்லது அதற்கு அடுத்துள்ள அகச்சிவப்பு ஒளி. பல் சீரமைப்பில் பெரும்பாலும் 800 முதல் 980 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள டையோடு லேசர்களைப் பயன்படுத்துகிறார்கள். இந்த எல்லையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அலைநீளம் குறைந்தால் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஒளியை விழுங்கிவிடுகிறது. மிகவும் கூடினால் திசுவிலுள்ள நீர் விழுங்கிவிடுகிறது. இரண்டிற்கும் இடைப்பட்ட சன்னலில்தான் ஒளி ஈறையும் எலும்பையும் ஓரளவு ஊடுருவிப் பல்வேரின் பக்கம் போய்ச் சேர முடியும்.

நீங்கள் இயற்பியல் மாணவர் என்பதால் இதன் தொடக்கத்தையும் சொல்கிறேன். தியோடர் மைமன் 1960இல் முதல் லேசரை இயக்கிக் காட்டிய சில ஆண்டுகளில், புடாபெஸ்ட் நகரத்து மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் மழித்த எலிகளின் முதுகில் வலுக்குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சினார். அது புற்றுநோயை உண்டாக்குமோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. புற்றுநோய் வரவில்லை, ஒளி பட்ட எலிகளுக்கு மற்றவற்றைவிட விரைவாக முடி வளர்ந்தது. 1967 வாக்கில் வெளிவந்த இந்தக் கவனிப்பிலிருந்துதான் ஒளியால் உயிரணுக்களின் செயலை மாற்றும் இந்தத் துறை கிளைத்தது. இப்போது இதை ஃபோட்டோபயோமாடுலேஷன் என்றே ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு அதிகம் ஏற்கப்படும் விளக்கம் இதுதான்: உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, நைட்ரிக் ஆக்சைடு விடுபட்டு அந்த இடத்து இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நசுங்கி இரத்தம் குறைந்த தசைநாருக்கு இது உதவக்கூடும். அழற்சிப் பொருட்களின் அளவு குறைவதையும், சற்று உயர்ந்த அளவில் ஒளி பட்டால் வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பிழைகளின் வேகம் தற்காலிகமாகத் தணிவதையும் ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இதில் மனத்தில் நிறுத்த வேண்டிய ஒன்று, அளவு. ஒளியைக் கூட்டக் கூட்டப் பயன் கூடிக்கொண்டே போவதில்லை. மிகக் குறைந்தால் ஒன்றும் நிகழாது. ஓர் எல்லைக்குள் பயன் இருக்கும். அதைத் தாண்டினால் பயன் மறைந்து எதிர்விளைவுகூட வரலாம். 100 மில்லிவாட் கருவியை ஓர் இடத்தில் 10 விநாடி வைத்தால் 1 ஜூல் ஆற்றல் போய்ச் சேரும் என்பது உங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். அந்த 1 ஜூல் எவ்வளவு பரப்பில் விழுகிறது, கருவியின் முனை ஈறைத் தொட்டிருந்ததா தள்ளியிருந்ததா, எத்தனை இடங்களில் வைக்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறிவிடும்.

நான் ஒரு பள்ளி ஆசிரியை. 38 வயதில் கம்பி போட்டுக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். ஓர் இடத்தில் லேசர் சிகிச்சை "அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது" என்கிறார்கள். இன்னோர் இடத்தில் "வெறும் மன ஆறுதல்" என்கிறார்கள். எதை நம்புவது?
— ஓர் ஆசிரியை

இரண்டு பேரும் அளவுக்கு மீறிச் சொல்கிறார்கள். ஆதாரம் இருக்கிறது, அது இன்னும் வலுவானதாக இல்லை. இந்த நிலையைச் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறேன்; ஏனென்றால் இது புரிந்துவிட்டால் லேசரைப் பற்றி மட்டுமன்றி, உங்கள் முன் வைக்கப்படும் வேறு எந்தப் புதுச் சிகிச்சையைப் பற்றியும் நீங்களே எடைபோட முடியும்.

பல் சீரமைப்பு வலிக்கு லேசரைச் சோதித்த தொடக்கக்கால ஆய்வுகளுள் ஒன்று 1995இல் வெளிவந்தது. 39 தன்னார்வலர்களின் பற்களுக்கிடையே ரப்பர் வளையம் வைத்து, 830 நானோமீட்டர் அலைநீளமும் 30 மில்லிவாட் ஆற்றலும் கொண்ட லேசரை 15, 30, 60 விநாடிகள் என்று வெவ்வேறு நேரம் காட்டி, ஒளி வராத கருவியை வைத்துச் செய்யும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். லேசர் பெற்ற பற்களில் வலி குறைவதுபோல் ஒரு சாயல் தெரிந்தது. ஆனால் அது தற்செயலாக வந்திருக்க முடியாது என்று சொல்லும் அளவுக்கு இல்லை. கணக்கிட்டுப் பாருங்கள்: 30 மில்லிவாட்டை 60 விநாடி காட்டினாலும் 1.8 ஜூல்தான். பிற்காலத்தில் வந்த ஆய்வுகள் பலவும் இதைவிட வலுவான கருவிகளைப் பயன்படுத்தின; அவற்றுள் பல, வலி குறைந்ததாகக் காட்டின.

சிதறிக் கிடக்கும் ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பல் சீரமைப்பு வலிக்கான மருந்தில்லாச் சிகிச்சைகளைப் பற்றி 2016இல் ஒரு திறனாய்வை வெளியிட்டது. மொத்தம் 14 சோதனைகள், 931 பங்கேற்பாளர்கள். அதில் லேசரைப் பற்றிய முடிவு, போலி லேசரோடு ஒப்பிடும்போது 24 மணி நேரத்தில் வலி, 100 மில்லிமீட்டர் அளவுகோலில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் குறைந்திருந்தது என்பது. அந்த அளவுகோல் ஒரு நேர்கோடு. இடது முனை வலியே இல்லை, வலது முனை கற்பனை செய்யக்கூடிய மிகக் கடும் வலி. நோயாளி தன் வலி எங்கே நிற்கிறது என்று அதில் ஒரு குறி இடுவார். 20 மில்லிமீட்டர் என்பது நோயாளியால் உணரக்கூடிய மாற்றம். 60இல் இருந்த வலி 40க்கு வருவதைப்போல என்று கொள்ளுங்கள். இல்லாமல் போவதல்ல, தூங்க முடியாத நிலையிலிருந்து தூங்க முடிகிற நிலைக்கு வருவது. ஆனால் அதே திறனாய்வு, இந்த ஆதாரத்தின் தரம் குறைவு என்றும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

ஏன் தரம் குறைவு? ஆய்வுகள் சிறியவை. ஒன்றில் பயன்படுத்திய அலைநீளம் மற்றொன்றில் இல்லை. ஆற்றலும் நேரமும் இடங்களின் எண்ணிக்கையும் ஆய்வுக்கு ஆய்வு மாறின. வேறு வேறு மருந்துகளை வேறு வேறு அளவில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதுவும். இன்னொரு சிக்கல், ஒரே வாயில் ஒரு பக்கத்துக்கு லேசரும் மறுபக்கத்துக்குப் போலி லேசரும் கொடுத்து ஒப்பிடும் ஆய்வு முறை. கேட்பதற்கு நேர்த்தியாகத் தோன்றினாலும், பல் வலி ஒரு பக்கத்தோடு நின்றுவிடாமல் பரவி உணரப்படுவது. எந்தப் பக்கம் எவ்வளவு வலிக்கிறது என்று நோயாளியால் துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

மன ஆறுதல் என்று ஒதுக்குபவர்கள் சொல்வதிலும் ஓர் உண்மைத் துளி இருக்கிறது. கம்பி பொருத்திய அன்று மருத்துவமனையிலிருந்து அழைத்து நலம் விசாரித்தாலே நோயாளிகள் சொல்லும் வலியின் அளவு குறைகிறது என்று ஒரு சோதனை காட்டியிருக்கிறது. கவனிப்பே வலியைக் குறைக்குமானால், ஒவ்வொரு பல்லின் அருகிலும் ஒரு கருவியைப் பொறுமையாக வைத்து எடுக்கும் சடங்கு எவ்வளவு குறைக்கும்! அதனால்தான் போலி லேசரோடு ஒப்பிடுவது அவசியமாகிறது. அணைத்து வைத்த கருவியை அதே நேரம், அதே இடத்தில் வைத்தும் வேறுபாடு தெரிகிறதா என்பதே கேள்வி. அப்படி ஒப்பிட்ட ஆய்வுகளிலும் வேறுபாடு தெரிந்திருக்கிறது என்பதனால் நான் இதை வெறும் மன ஆறுதல் என்று சொல்லமாட்டேன். நிரூபணமாகிவிட்டது என்று விளம்பரம் செய்வதையும் ஏற்கமாட்டேன். உங்கள் மருத்துவர் அலைநீளம், ஆற்றல், ஒவ்வோர் இடத்திலும் வைக்கும் நேரம் ஆகிய மூன்றையும் தயங்காமல் சொல்வாரானால் முயன்று பார்க்கலாம். சொல்லத் தெரியாதவரிடம் அந்தச் சிகிச்சை உங்களுக்கு வேண்டாம்.

வலி மாத்திரை போட்டால் பல் நகர்வது நின்றுவிடும் என்கிறார்களே, அதற்காகத்தான் லேசரா?
— ஒரு கல்லூரி மாணவர்

நின்றுவிடாது. புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தடுப்பதன் மூலம் வேலை செய்யும் ஐபுபுரூஃபன் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து நாள்கணக்கில் கொடுத்தபோது பல் நகர்வு மெதுவானதாகப் பெரும்பாலும் விலங்குச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். கம்பி இறுக்கிய ஓரிரு நாட்களுக்கு ஒன்றிரண்டு மாத்திரை எடுத்துக்கொள்வதை அதனோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் பாராசிட்டமால் அந்தச் சுரப்பைப் பல்லருகில் அவ்வளவாகத் தொடுவதில்லை என்பதால் பல மருத்துவர்கள் அதையே முதலில் பரிந்துரைக்கிறார்கள். காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட மற்றொரு திறனாய்வு, வலி மருந்துகள் போலி மாத்திரையைவிட நிச்சயமாக உதவுகின்றன என்றும், பாராசிட்டமாலுக்கும் ஐபுபுரூஃபன் வகை மருந்துகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்றும் கண்டது. ஆகவே எளிதாகக் கிடைப்பதும் நன்கு சோதிக்கப்பட்டதுமான பாராசிட்டமாலை விட்டுவிட்டு லேசரைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

லேசருக்கு நியாயமான இடம் வேறு சிலரிடம் இருக்கிறது: வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, மருந்து ஒவ்வாமை போன்ற காரணங்களால் வலி மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டியவர்கள். அவர்களுக்கு இது பொருளுள்ள மாற்று வழி. மாத்திரை எடுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது, பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. பிள்ளைகளுக்கு வயதையும் எடையையும் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவுதான். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

இணையத்தில் வீட்டிலேயே பயன்படுத்தும் சிவப்பு ஒளிக் கருவிகள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி மகனுக்கு நானே காட்டலாமா?
— ஒரு தந்தை

வேண்டாம். வீட்டுக்கு என்று விற்கப்படும் கருவிகளில் பல, லேசரே அல்ல, எல்.இ.டி. விளக்குகள். எல்.இ.டி. ஒளியும் திசுவில் வேலை செய்யக்கூடியதுதான், அதைப் பற்றியும் ஆய்வுகள் நடக்கின்றன. எனவே அந்த ஒரு காரணத்துக்காக நான் மறுக்கவில்லை. பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் அலைநீளமும் ஆற்றலும் உண்மையில் கருவியிலிருந்து வருகிறதா என்று அளந்து பார்க்க உங்களிடம் வழியில்லை. வலுக்குறைந்ததாக இருந்தால் பயன் இருக்காது. உண்மையிலேயே சிகிச்சைக்குரிய ஆற்றலுள்ள லேசராக இருந்துவிட்டால், அதைக் கண்பாதுகாப்பு இல்லாமல் வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. இரண்டு வகையிலும் உங்களுக்கு நன்மையில்லை.

நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. முன்பே தொடங்கிய கம்பிச் சிகிச்சை தொடர்கிறது. மாத்திரை எடுக்க அச்சமாக இருப்பதால் லேசர் கேட்கலாமா? இதில் பக்கவிளைவுகள் உண்டா?
— ஒரு வாசகி

வாயில் காட்டும் இந்த ஒளி சில சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போவதில்லை. கருப்பை வரை எட்டுவதற்கு வழியில்லை. அதனால் கருவுக்குக் கேடு வந்ததாக அறியப்படவில்லை. என்றாலும், தவிர்க்கக்கூடிய எதையும் கர்ப்பக் காலத்தில் தவிர்ப்பதே மருத்துவத்தின் பொதுவான மரபு. கம்பியை இறுக்கும் சந்திப்புகளைச் சற்று இடைவெளி விட்டு அமைப்பது, விசையைக் குறைவாக வைப்பது ஆகிய வழிகள் உங்கள் பல் மருத்துவரிடம் உண்டு. மாத்திரை தேவைப்படும் அளவுக்கு வலித்தால், எது, எவ்வளவு என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்காமல் ஐபுபுரூஃபன் வகை மருந்துகளை எடுக்காதீர்கள்.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை, ஈறிலோ பல்லிலோ பெரிதாக எதுவும் ஏற்படுவதில்லை. சிலருக்கு இலேசான வெதுவெதுப்பு தெரியும், பலருக்கு அதுவும் தெரியாது. எல்லோரும் அஞ்ச வேண்டிய உறுப்பு கண். சிகிச்சை லேசர்களில் பெரும்பாலானவை கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடிய 3பி வகுப்பைச் சேர்ந்தவை. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் கண் தானாக இமைத்துத் தன்னைக் காத்துக்கொள்வதில்லை. ஆனால் கண்ணின் வில்லை அந்த ஒளியையும் விழித்திரையில் குவித்துவிடும். அதனால் நோயாளி, மருத்துவர், உதவியாளர், அருகில் நிற்கும் உறவினர் என்று அறையில் இருக்கும் ஒவ்வொருவரும், அந்த அலைநீளத்துக்கு என்றே செய்யப்பட்ட கண்ணாடியை அணிந்திருக்க வேண்டும். வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இதற்கு உதவாது. கண்ணாடி தராமல் கருவியை இயக்கும் இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். இதில் தயவு தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை.

ஒளி படும் பகுதியில் புற்றுநோய் இருப்பவர்கள் அல்லது இருக்கலாம் என்று ஐயமுள்ளவர்கள், ஒளியால் தோல் எளிதில் பாதிக்கப்படும் தன்மையை உண்டாக்கும் மருந்துகளை எடுப்பவர்கள் ஆகியோர் முன்கூட்டியே அதைச் சொல்லிவிட வேண்டும். முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் எடுக்கும் இளைஞர்கள் இந்த இரண்டாம் வகையில் வருகிறார்கள். கம்பி போட்டிருப்பவர்களில் அவர்கள் கணிசமானவர்கள், ஆனால் பல் மருத்துவரிடம் முகப்பரு மருந்தைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

லேசர் காட்டினால் பற்கள் விரைவாக நகர்ந்து சிகிச்சை பாதி நாளில் முடிந்துவிடும் என்று சொன்னார்கள். உண்மையா?
— ஒரு வாசகர்

பல் மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நகரும். லேசரால் இந்த வேகம் சற்றுக் கூடியதாகச் சில ஆய்வுகளும், வேறுபாடு இல்லை என்று வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன. பாதி நாளில் முடியும் என்று உறுதி தருவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வேகத்துக்கு என்று கொடுக்கும்போது அடுத்தடுத்து பலமுறை வந்து ஒளி காட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அந்த அலைச்சலையும் செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். வலிக்காகக் கேட்பதும் வேகத்துக்காகக் கேட்பதும் வெவ்வேறு. முதலாவதற்கு இருக்கும் ஆதாரத்தை இரண்டாவதற்குக் கடன் கொடுக்க முடியாது.

எனக்குப் பல்லைவிடக் கன்னத்தின் உட்புறம்தான் வலிக்கிறது. கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது. இதற்கும் லேசர் உண்டா?
— ஒரு மாணவி

உண்டு, ஆனால் முதலில் செய்ய வேண்டியது உரசலை நிறுத்துவது. பல் மருத்துவமனையில் தரும் மெழுகை உருட்டி, பிராக்கெட்டைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கி, அதன்மேல் அழுத்தி ஒட்டிக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான உப்பு நீரால் வாய் கொப்பளியுங்கள். கம்பியின் நுனி நீண்டு குத்துகிறது என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் போய் வெட்டிக்கொண்டு வாருங்கள்; அது இரண்டு நிமிட வேலை. குத்தும் கம்பி இருக்கும்வரை எந்த ஒளியும் அந்தப் புண்ணை ஆற்றாது.

வாய்ப்புண்ணுக்கு இந்த ஒளி உதவும் என்பதற்கு வலுவான சான்று வேறோர் இடத்திலிருந்து வருகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோருக்கும், எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெறுவோருக்கும் வாய் முழுவதும் வெந்ததுபோல் புண்ணாகும். நீர் விழுங்குவதே வேதனையாகிவிடும். அந்தப் புண்களைத் தடுக்கக் குறைந்த ஆற்றல் லேசரைப் பயன்படுத்தலாம் என்று பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைக்கின்றன. சிகிச்சைகளை மதிப்பிட்டு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2018இல் அதற்கு ஆதரவான வழிகாட்டுதலை வெளியிட்டது. இந்த ஒளியின் ஆகச்சிறந்த பயன் அதுதான் என்பது என் கருத்து. உங்கள் கன்னத்துப் புண் அதனோடு ஒப்பிடச் சிறியது. மெழுகே போதும் என்று நினைக்கிறேன்.

என் மருத்துவரிடம் லேசர் இல்லை. "மூன்று நாளில் சரியாகிவிடும்" என்று மட்டும் சொல்கிறார். லேசர் உள்ள வேறு மருத்துவரிடம் மாறிவிடலாமா?
— ஓர் இளைஞர்

லேசருக்காக மட்டும் மாற வேண்டாம். உங்கள் பற்களை அச்சில் எடுத்த படிவம், எக்ஸ்ரே, எந்தப் பல்லை எந்த வரிசையில் நகர்த்துவது என்ற திட்டம் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. நடுவில் இன்னொருவர் எடுத்துச் செய்வது இருவருக்குமே கடினம். ஒவ்வோர் இறுக்கத்துக்குப் பின்னும் மூன்று நாள் வலியைக் குறைப்பதற்காக இரண்டு ஆண்டுச் சிகிச்சையைக் குலைத்துக்கொள்வது பொருத்தமாகாது. ஆனால் உங்கள் மருத்துவர் அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொண்டது எனக்கும் வருத்தமளிக்கிறது. எங்கள் துறையில் நாங்கள் அடிக்கடி செய்யும் பிழை அது. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குக் கம்பி பொருத்துபவருக்கு அது பத்தாவது வாய், நாற்காலியில் இருப்பவருக்கோ அது ஒரே வாய்.

அடுத்த முறை போகும்போது, கம்பியை இறுக்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வலி மாத்திரை எடுத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேளுங்கள். முன்கூட்டியே எடுத்த ஐபுபுரூஃபன், இறுக்கிய பின் எடுத்ததைவிட முதல் சில மணி நேரத்தில் அதிகம் உதவியதாக ஆய்வு உண்டு. சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாமா என்றும் கேளுங்கள். கம்பி போட்டவர்கள் அதைத் தொடவே கூடாது என்றுதான் நீண்ட நாட்களாகச் சொல்லிவந்தோம். அதை மென்றவர்கள் குறைவான வலி மாத்திரைகளே எடுத்தார்கள் என்றும், பிராக்கெட்டுகள் அதனால் கூடுதலாக உடையவில்லை என்றும் பின்னர் வந்த சோதனை காட்டியது. மெல்லும்போது நசுங்கிய தசைநாருக்கு இரத்தம் மீண்டும் பாய்வதுதான் இதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்கள் மென்மையான உணவை உண்ணுங்கள். வலிக்கிறது என்று பல் துலக்காமல் விட்டுவிடாதீர்கள். ஈறு வீங்கினால் வலி இரட்டிப்பாகும்.

வலி ஒரு வாரத்தைத் தாண்டியும் குறையவில்லை, ஒரே ஒரு பல் மட்டும் துடிதுடித்து வலிக்கிறது, குளிர்ச்சியோ சூடோ பட்டால் வலி நெடுநேரம் நிற்கிறது, முகம் வீங்குகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் அது கம்பியின் இயல்பான வலி அல்ல. அப்போது மூன்று நாள் கணக்கையும் லேசரையும் மறந்துவிட்டு அன்றே அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். அந்தப் பல்லின் வேரையும் உள்நரம்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.